முதல் நாளே உடைந்த விமானம்: திருப்பூர் வாசகருக்கு ஒரு பதில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு நம் நாளிதழின் வாசகர் கடிதங்களில் திருப்பூர்த் தகப்பனார் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். எட்டாம் வகுப்பு முடித்த மகன் ஆசைப்பட்டான் என்று 14,000 ரூபாய்க்கு ரிமோட் விமானம் வாங்கிக் கொடுத்தாராம். மறுநாள் காலை மைதானத்தில் விட்டதும் மூக்கு தரையில் குத்தி இரண்டாகிவிட்டதாம். இது பிள்ளைகளை ஏமாற்றுகிற பொம்மை, யாரும் வாங்க வேண்டாம் என்று வருத்தத்தோடு முடித்திருந்தார்.

அவருடைய வருத்தம் எனக்கு நன்றாகவே புரிகிறது. எங்கள் வீட்டிலும் இதேதான் நடந்தது. ஆனால் அவர் சொல்லும் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. அது பொம்மை இல்லை. பொம்மை என்று நினைத்து வாங்கியதில்தான் கோளாறு. நன்றாக ஓட்டப் பழகிய பிறகு கடைசியில் வாங்க வேண்டிய விமானத்தை அவரும் முதலில் வாங்கிவிட்டார், நாங்களும் முதலில் வாங்கினோம். அந்தப் பையன் இதோடு விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் கிணத்துக்கடவில் 32 வருடமாக மோட்டார் காயில் கட்டும் தொழில் செய்கிறேன். கிணற்று மோட்டார், போர் மோட்டார், மாவு மில் மோட்டார் எல்லாம் வரும். என் மகள் வயிற்றுப் பேரன் ஒன்பதாம் வகுப்பு. நடிகர் அஜித் குமார் ஆலோசகராக இருந்த சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியின் தக்‌ஷா குழு, 2018-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்ததைப் பற்றிய வீடியோ ஒன்றைப் பார்த்ததிலிருந்து அவனுக்கு விமானப் பித்து. போன வருடம் பொங்கல் காசையும் இரண்டு வருட உண்டியலையும் சேர்த்து, மீதிக்கு என்னிடம் வந்தான். ஒரு கடையில் சண்டை விமானம் மாதிரி சாம்பல் நிறத்தில் ஒன்றைக் காட்டினார்கள். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களும் ஓட்டலாம் என்றார்கள். இறக்கை வயிற்றுக்குக் கீழே, குட்டை இறக்கை, பார்க்கவே வேகமாக இருந்தது. வாங்கிவிட்டோம்.

எங்கள் விவசாயக் காட்டில் நின்று நான்தான் எறிந்தேன். பேரன் ரிமோட்டைப் பிடித்திருந்தான். கையை விட்டதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு செங்குத்தாக ஏறியது, ஒரு பக்கமாகச் சரிந்தது, அப்படியே தலைகுப்புற விழுந்தது. நான்கு விநாடிகூட இருக்காது. பையன் அழவில்லை. துண்டுகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டு, பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான். அதற்கப்புறம் இரண்டு மாதம் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. எனக்குப் பணம் போனதைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஒரு மழை நாளில் கடையில் வேலை இல்லை. அந்தப் பெட்டியை எடுத்து மேஜையில் கொட்டினேன். உள்ளே இருந்த மோட்டாரைக் கையில் எடுத்தவன் சாயங்காலம் வரை கீழே வைக்கவில்லை. 50 கிராம் சொச்சம் எடை, பெரிய நெல்லிக்காய் அளவு. மூன்று வயர் வெளியே வருகிறது. கழற்றிப் பார்த்தால் நடுவில் 12 பல், ஒவ்வொன்றிலும் செம்புக் கம்பி சுற்றியிருக்கிறது. சுற்றியுள்ள கூட்டின் உள்பக்கம் 14 காந்தத் துண்டுகள். நம் கிணற்று மோட்டாரில் காயில் வெளியே அசையாமல் இருக்கும், உள்ளே ரோட்டார் சுற்றும். இதில் காயில் உள்ளே நிற்கிறது, வெளிக்கூடு சுற்றுகிறது. மற்றபடி அது நம்ம மூன்று பேஸ் மோட்டாரேதான்! அப்படியானால் திசை மாற்ற என்ன செய்ய வேண்டும்? மூன்றில் ஏதாவது இரண்டு வயரை மாற்றிக் கொடுத்தால் போதும். போரில் தண்ணீர் வரவில்லை என்று கூப்பிட்டால் நாங்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன். எதிர்த்திசையில் சுற்றியது. பேரனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்தப் பெட்டியை அவன் மறுபடியும் கட்டிலுக்கு அடியில் தள்ளவில்லை.

பேட்டரி கொடுப்பதோ டி.சி. கரண்ட், மோட்டாருக்கு வேண்டியதோ மூன்று பேஸ். இடையில் இஎஸ்சி என்று ஒரு சின்னத் தகடு இருக்கிறது. மில்லில் ஆள் உயரப் பெட்டிக்குள், மோட்டாரின் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. டிரைவ் செய்கிற வேலையை இந்தத் தீப்பெட்டி செய்கிறது. மோட்டாரின் மேல் 1000 கேவி என்று போட்டிருந்தது. ஆயிரம் கிலோவோல்ட் என்று யாரும் பயப்பட வேண்டாம். ஒரு வோல்ட்டுக்கு ஆயிரம் சுற்று என்று அர்த்தம். 11.1 வோல்ட் பேட்டரியில் சுமை இல்லாமல் நிமிடத்துக்கு 11,000 சுற்று. நாங்கள் கட்டுகிற கிணற்று மோட்டார் 2,880 சுற்றுதான். பிரஷ் இல்லை, பேரிங்கைத் தவிரத் தேய்வதற்கும் ஒன்றுமில்லை.

என் ஐ.டி.ஐ. நாட்களில் என்.சி.சி. விமானப்படைப் பிரிவு மாணவர்கள் பால்சா மரத்தில் செய்த விமானங்களைக் கம்பி கட்டி வட்டமாகச் சுற்றவிடுவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்து ஊற்றுவார்கள். இன்ஜினைக் கிளப்புவதற்குள் அரை மணி நேரம் போய்விடும். அந்தக் காலத்தில் ரேடியோவில் பறக்கவிடுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரே மைதானத்தில் இரண்டு பேர் ஒரே அலைவரிசையைப் போட்டுவிட்டால் இரண்டு விமானமும் போச்சு. இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டில் ஒவ்வொரு ரிமோட்டும் விமானத்துக்குள் இருக்கும் தன் ரிசீவரோடு ஜோடி சேர்ந்துகொள்கிறது, பக்கத்தில் பத்துப் பேர் நின்றாலும் குறுக்கிடாது. அன்று வேலிக்கு வெளியே நின்றவர்களெல்லாம் இன்று உள்ளே வரலாம் என்ற அளவுக்கு இது எளிதாகிவிட்டது. அதனால்தான் திருப்பூர் வாசகர் கதவைச் சாத்துவது எனக்கு மனசு கேட்கவில்லை.

சரி, எங்கே தப்பு செய்தோம்? உடைந்ததை ஒட்டி, இறக்கைக்கு அடியில் இரண்டு விரலை வைத்துத் தூக்கிப் பார்த்தேன். வால் பக்கம் தொங்கியது. பேட்டரியைப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறோம். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் எடை சமமாக நிற்க வேண்டும். இறக்கை அகலம் 20 சென்டிமீட்டர் என்றால் ஐந்து, ஆறு சென்டிமீட்டரில் விரல் வைத்தால் விமானம் தராசு முள் மாதிரி நேராக நிற்க வேண்டும், மூக்கு ஒரு துளி தாழ்ந்தாலும் பரவாயில்லை. மூக்கு கனத்தால் சோம்பலாகவாவது பறக்கும். வால் கனத்தால் நமக்கு நடந்ததுதான் நடக்கும். திருப்பூர் வாசகரே, உடைந்ததை டேப் போட்டு ஒட்டி இந்த விரல் சோதனையை ஒருமுறை செய்து பாருங்கள். எனக்கென்னவோ உங்களுக்கும் காரணம் அதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது.

அப்புறம் நாங்களே ஒன்று செய்தோம். பேனர் கடையில் விற்கும் சன்பேக் ஷீட், 3 மில்லிமீட்டர். பிளக்ஸ் போர்டுக்குப் பின்னால் அடிப்பார்களே, அதுதான். அதில் வரிவரியாகக் குழாய்கள் ஓடும். அந்த வரிகள் இறக்கையின் நீளவாக்கில் ஓடும்படி வெட்ட வேண்டும், குறுக்கே வெட்டினால் இறக்கை மடங்கிவிடும். 120 சென்டிமீட்டர் இறக்கை. உடம்புக்கு மேலே உட்கார வேண்டும், இரண்டு முனையும் கொஞ்சம் மேலே தூக்கியிருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு பக்கம் சரிந்தாலும் தானாக நிமிரும். இறக்கையைப் பசை போட்டு ஒட்டக் கூடாது. ரப்பர் பேண்டு போட்டுக் கட்ட வேண்டும். விழுந்தால் பேண்டு தெறித்து இறக்கை கழன்றுகொள்ளும், உடையாது. ஐந்து நிமிடத்தில் மறுபடி கட்டிவிடலாம். வால்துடுப்பை அசைக்கிற குட்டி மோட்டாருக்கு சர்வோ என்று பெயர், அதிலிருந்து வாலுக்குப் போகும் கம்பிக்கு சைக்கிள் ஸ்போக்ஸ். உடைந்த விமானத்தின் மோட்டார், ரிசீவர், ரிமோட் எல்லாம் இதற்கே வந்தன. எல்லாமே புதிதாக வாங்கியிருந்தாலும் 10,000 ரூபாய்க்குள் முடிந்திருக்கும். அதில் பெரும்பங்கு ரிமோட்டும் பேட்டரியும். அவை அடுத்தடுத்த விமானங்களுக்கும் உதவும். உடைகிற பாகம் ஷீட் மட்டும்தான், அது சில நூறு ரூபாய் சமாச்சாரம். விலை போட்டு முழு விமானமாக வாங்குகிறவர்களுக்கு இந்த நிம்மதி இல்லை.

ஆனால் இதைக்கூட நாங்கள் உடனே பறக்கவிடவில்லை. ரிமோட்டை ஒரு கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்தால் திரையில் விமானம் ஓட்டலாம். பிகாசிம் என்று இலவசமாகவே ஒன்று இருக்கிறது. பேரனுக்கு ஒரு மாதம் அதுதான் வேலை. எத்தனை முறை விழுந்தது என்று நோட்டில் கோடு போடச் சொன்னேன். முதல் நாள் 43 கோடு. இருபதாவது நாள் இரண்டு.

எல்லோரும் தடுமாறும் ஓர் இடம் இருக்கிறது. விமானம் நம்மை விட்டுப் போகும்போது ரிமோட்டின் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம் திரும்பும். அதே விமானம் திரும்பி நம்மை நோக்கி வரும்போது, அதனுடைய வலம் நமக்கு இடமாகிவிடும். கண் ஒன்று சொல்லும், கை வேறொன்று செய்யும், அதற்குள் தரை வந்துவிடும். பேரன் போட்ட கோடுகளில் பாதிக்கு மேல் இதனால்தான். நாங்கள் பிடித்துக்கொண்ட வழி இது: எதிரே வரும்போது எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கமாகக் குச்சியைத் தள்ளு. விழப்போகிற பந்தலுக்கு முட்டுக் கொடுக்கிற மாதிரி. "முட்டுக் கொடு கண்ணு, முட்டுக் கொடு" என்று பின்னால் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு வாரத்தில் கை தானாகப் போக ஆரம்பித்தது. சிலர் சாய்வை உணர்ந்து தானாகத் திருத்தும் ஜைரோ வைத்த விமானம் வாங்கினால் இது தேவையில்லை என்பார்கள். ஜைரோ நல்லதுதான், காற்றடித்தால் நிமிர்த்திவிடும். ஆனால் நம்மை நோக்கி வருகிற விமானத்தை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதை அது நமக்காக முடிவு செய்யாது.

பேட்டரியைப் பற்றி மட்டும் பெற்றோர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். இதில் போடுவது லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி. மூன்று செல், ஒவ்வொன்றும் முழு சார்ஜில் 4.2 வோல்ட். அதற்கு மேல் ஏறினாலும் ஆபத்து, மிகவும் இறங்கினாலும் வீணாகிவிடும். நாங்கள் செல்லுக்கு 3.5 வோல்ட் வந்ததும் கத்துகிற சின்ன பஸ்ஸரைச் செருகி வைத்திருக்கிறோம், கத்தினால் உடனே இறக்கிவிட வேண்டும். செல்களைத் தனித்தனியாகச் சமன் செய்யும் சார்ஜரில்தான் சார்ஜ் போட வேண்டும். 2200 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 2.2 ஆம்பியருக்கு மேல் கொடுக்கத் தேவையில்லை. ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கவே கூடாது. குத்துப்பட்டாலோ உப்பிப்போனாலோ அதை மறுபடி பயன்படுத்தக் கூடாது, தீப்பிடிக்கும். அந்தத் தீ சாதாரணமாக அணையாது. எங்கள் வீட்டில் மண் சட்டியில் வைத்து, வாசல் திண்ணையில், ஒரு ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான் சார்ஜ். வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டிக்குள் வைப்பதும் கூடாது. இன்னொன்று, வீட்டுக்குள் மோட்டாரைச் சோதிக்கும்போது புரொப்பல்லரைக் கழற்றிவிட வேண்டும். லைன் ஆஃப் செய்யாமல் மோட்டாரில் கை வைக்காதே என்று என் பட்டறைப் பையன்களுக்குச் சொல்வதைத்தான் இதற்கும் சொல்கிறேன். முதலில் ரிமோட் ஆன், மோட்டார் வேகத்தைக் கூட்டும் த்ராட்டில் குச்சி கீழே, அப்புறம்தான் விமானத்தில் பேட்டரி. இறங்கியதும் முதலில் விமானத்தின் பேட்டரியைப் பிடுங்கு, அப்புறம் ரிமோட்டை அணை.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு விட்டோம். சோளத்தட்டு அறுத்து உழவு ஓட்டிய காடு, மண் மெத்தென்று இருந்தது. வேலியோரத் தென்னையில் கீற்று அசையவில்லை. கீற்று அசைந்தால் அன்றைக்கு வேண்டாம் என்று எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. விடுவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் குச்சியை வலப்பக்கம் தள்ளி வால்துடுப்பு வலப்பக்கம் போகிறதா, பின்னால் இழுத்தால் எலிவேட்டர், அதாவது வாலில் படுக்கையாக இருக்கும் துடுப்பு, மேலே வருகிறதா என்று பார்க்க வேண்டும். காற்று வருகிற திசையைப் பார்த்து நின்று, மேல் நோக்கி எறியாமல் நேராக, ஈட்டி விடுகிற மாதிரி விட்டேன்.

போனது. மூன்று தென்னை உயரம் ஏறும் வரை திருப்பாதே என்று சொல்லியிருந்தேன். உயரம் இருந்தால்தான் தப்பைத் திருத்த நேரம் கிடைக்கும். ஏறியது, மெதுவாக இடப்பக்கம் வளைந்தது, எங்களைப் பார்த்து வந்தது. பையன் உதடு மட்டும் அசைந்தது. முட்டுக் கொடு, முட்டுக் கொடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு கரும்பருந்து எங்கிருந்தோ வந்து விமானத்துக்கு மேலே இரண்டு வட்டம் போட்டது. பருந்து நெருங்கினால் கொஞ்சம் தள்ளிப்போய்விட வேண்டும், புரொப்பல்லர் பட்டால் அதற்கு அடிபடும். அவன் தள்ளிப்போனான். ஏழு நிமிடம் பறந்து உழவு மண்ணில் வயிற்றால் சறுக்கி நின்றது. "அப்புச்சி, உடையலீங்க" என்றான். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அடுத்த வாரமே தென்னை உச்சியில் மாட்டிக்கொண்டதும் உண்டு. சர்வோ மாற்றியபோது திசை தலைகீழாகிவிட்டது, அன்று அவசரத்தில் நான் சரிபார்க்கவில்லை. தேங்காய் போடுகிறவர் ஏறி எடுத்துக் கொடுத்தார். மின்கம்பியில் மாட்டினால் மட்டும் யாரும் குச்சி வைத்துத் தட்டவோ ஏறவோ கூடாது. மின்வாரியத்துக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இதைத் தொழில்காரனாகச் சொல்கிறேன்.

எங்கே பறக்கவிடலாம் என்பதற்கும் சட்டம் இருக்கிறது. ஆளில்லா விமானங்களுக்கான 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. எங்கள் விமானம் 900 கிராம், அதனால் மைக்ரோ. தொழிலுக்காக இல்லாமல் இந்த வகையைப் பறக்கவிட பைலட் சான்று கேட்பதில்லை. ஆனால் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பகுதிகள் பிரித்திருக்கிறார்கள். பச்சையில் 400 அடி உயரம் வரை போகலாம், விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடிதான். கோவைக்காரர்களுக்கு ஒரு பக்கம் பீளமேடு விமான நிலையம், இன்னொரு பக்கம் சூலூர் விமானப்படைத் தளம். வரைபடத்தைப் பார்க்காமல் மொட்டை மாடியிலிருந்தோ தெருவிலிருந்தோ விடவே கூடாது. பதிவு போன்ற மற்ற நடைமுறைகளையும் அரசின் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். விமானம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்க வேண்டும், ஆட்களின் தலைக்கு மேல் போகக் கூடாது.

பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அப்துல் கலாம் அவர்கள் படித்ததும் அதே எம்.ஐ.டி.யில்தான். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம், படம் மாட்டுகிறோம். அறிவியல் கண்காட்சிக்குத் தெர்மாகோலில் பறக்காத விமானம் செய்து கொண்டுவரச் சொல்கிறோம். அதே உழைப்பில் பறக்கிற விமானம் செய்யலாம். பள்ளிக்கு ஒரு ரிமோட், ஒரு கம்ப்யூட்டர், பத்து சன்பேக் ஷீட் இருந்தால் முப்பது பிள்ளைகள் கற்றுக்கொள்ளலாம். சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டுமென்றால் எந்த ஊரிலும் என்னை மாதிரி காயில் கட்டுகிறவர் ஒருவர் இருப்பார், கூப்பிட்டுப் பாருங்கள்.

திருப்பூர் வாசகருக்கு மட்டும் கடைசியாக. வைகாசி கடைசியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிளம்பிவிடும். ஆடியில் அம்மியையே தூக்குகிற காற்று, ஆவணி முடிகிற வரை புதியவர்கள் எதையும் விட முடியாது. அந்தக் காற்று கிளம்ப இன்னும் ஐந்து ஞாயிறு இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் காலை ஆறு மணிக்கு நெகமம் ரோட்டில் எங்கள் காட்டில் இருப்போம். என் முகவரி ஆசிரியர் அலுவலகத்தில் இருக்கிறது. மகனை அழைத்துக்கொண்டு வாருங்கள். இரண்டு ரிமோட்டை ஒயரில் இணைத்து வைத்திருக்கிறோம், அவன் கை தடுமாறினால் என் பேரன் ஒரு சுவிட்சில் வாங்கிக்கொள்வான். உடைந்த விமானத்தையும் தூக்கிப் போடாமல் கொண்டுவாருங்கள். அந்த மோட்டாரை அவனிடமே கழற்றக் கொடுத்து, எத்தனை பல், எத்தனை காந்தம் என்று எண்ணச் சொல்லலாம்.

இப்படிக்கு,
மோட்டார் காயில் கட்டும் ஒரு வாசகர்,
கிணத்துக்கடவு.